நாற்பது நிமிஷ நிறுத்தம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தாயி. எனக்கு இது பாத்துச் சலிச்ச மலை. வளைவு வரும்போது மட்டும் முன்னாடி கம்பியப் பிடிச்சுக்குங்க. இந்த டிரைவர் கொஞ்சம் வேகம்.

கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப போன்ல பேசுனீங்களே, வெளிநாட்டு டூருக்குப் பேர் குடுக்கிறதா வேணாமான்னு, காதுல விழுந்துச்சு. போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல நான் யாரு. நானும் ஒருக்கா பேர் குடுத்தவதான். பாஸ்போர்ட் எடுத்து, பெட்டி கட்டி, ஸ்வெட்டர் மடிச்சு மேல வச்சேன். எங்கேன்னு கேளுங்க. சிலோனுக்கு.

நான் பொறந்ததே அங்கதான். அட்டனுக்கு மேல ஊசிமலைத் தோட்டம். பொறந்த ஊருக்கு டூர் போறவ உண்டான்னு நீங்க நினைக்கலாம். எங்க மாதிரி ஆளுகளுக்கு உண்டு. இங்க கோத்தகிரியில வந்து இறங்கி அம்பது வருசமாச்சு, இன்னும் எங்க லைன் வீடுகளச் சிலோன்காரங்க வீடுன்னுதான் சொல்றாங்க. அங்க இருக்கும்போது இந்தியாக்காரங்கன்னாங்க. அதை விடுங்க.

எனக்கு ஒரு அக்கா. அங்கம்மா. என்னைவிட ஆறு வயசு மூப்பு. ரெண்டு சர்க்காரும் பேசித் தலைய எண்ணிப் பிரிச்சப்ப, எங்க அப்பா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திட்டாரு. அக்காவக் கட்டிக் குடுத்த வீட்டுல சிலோனுக்கு எழுதிக் குடுத்திட்டாங்க. ஒரே லயம், அதாவது ஒரே லைன் வீடு, வரிசையா பத்துக் காம்பரா, பத்து ரூம். இந்தக் காம்பராவுல இருக்கிறவங்க இந்தியா, மூணாவது காம்பராவுல இருக்கிறவங்க சிலோன். அம்மா அந்தச் சுவத்தத் தட்டினா அக்காவுக்குக் கேக்கும். அவ்வளவு தூரந்தான்.

அட்டன் டேசன்ல கோச்சி கிளம்புறப்ப அக்கா அம்மா கையப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தா. பிளாட்பாரம் முடியிற இடம் வரைக்கும் ஓடி வந்தா. எனக்குப் பதிமூணு வயசு, நான் அம்மா மடியில இருந்த துணி மூட்டையக் கெட்டியாப் பிடிச்சிருந்தேன். அக்கா என் கையப் பிடிக்கல. அம்மா கையத்தான் பிடிச்சா. அவசரத்துல பிடிச்சிருக்க மாட்டா. நான் ஒண்ணும் அதை மனசுல வச்சுக்கிறவ இல்ல.

தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்புல எட்டு மாசம் கிடந்து, அப்புறம் கோத்தகிரியில தேயிலைத் தோட்டத்துல வேலை குடுத்தாங்க. அப்பா வந்த மூணாம் வருசமே போயிட்டாரு. நானும் அம்மாவும். அக்கா கடுதாசி போடுவா. அதுல முதல் வரி, "அம்மா எப்படி இருக்கு." நடுவுல, "அம்மாவுக்குக் கால் வலி தேவலையா." கடைசியில, "அம்மாவக் கவனிச்சுக்க." ராக்கு நீ எப்படி இருக்கேன்னு ஒரே ஒரு வரி. ராக்குங்கிறது நான். ராக்கம்மா.

எனக்கு இருபத்தொரு வயசுல அம்மா படுத்துச்சு. மூணு மாசம் எந்திரிக்கல. தோட்டத்துக்குப் போயி கொழுந்தெடுத்திட்டு, ஓடி வந்து கஞ்சி ஊத்தி, துணி மாத்தி, உடம்பு துடைச்சு, திரும்ப ஓடுவேன். எல்லாம் நான்தான். வேற யாரு இருக்கா. அக்காவ அம்மா அங்குன்னுதான் கூப்பிடும். கஞ்சி ஊட்டும்போது என் முகத்தப் பாத்து, "அங்கு, வந்திட்டியா"ன்னு கேக்கும். நான் ராக்கும்மான்னு சொல்வேன். சரிங்கும். அடுத்த வாய் குடுக்கிறதுக்குள்ள, "அங்கு எங்க"ன்னு கேக்கும். மூணு மாசம் தாயி. ஒரு நாள் தெளிவா இருந்தப்ப என் கையப் பிடிச்சு, "அக்காவுக்கு ஒரு கடுதாசி போடு, அவளைப் பாக்காம எனக்கு உசிரு போக மாட்டேங்குதுன்னு எழுது"ன்னுச்சு. போடுறேன்னேன்.

போடல.

எங்க போடறது. காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போய்ப் பேர் போடணும், ராத்திரி வந்து துணி துவைக்கணும். கடுதாசி கடல் தாண்டிப் போய்ச் சேர மூணு வாரம் ஆகும். சேந்தாலும் அவளுக்குப் பாஸ்போர்ட்டா, விசாவா, யாரு விடப் போறா. வர முடியாதவளுக்கு எழுதி, அவ மனசையும் எதுக்கு வேதனைப்படுத்தணும்னு விட்டுட்டேன். நல்லதுக்குத்தான் விட்டேன். அம்மா தினமும், "எழுதிட்டியா"ன்னு கேக்கும். எழுதிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த நம்பிக்கையிலேயே பத்து நாள் கூட இருந்துச்சு.

செத்த பிறகாவது எழுதியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. பின்னாடி கல்யாணமானப்ப என் வீட்டுக்காரர் கேட்டாரு. மண்டபம் கேம்ப்புல எங்களோட இருந்த பிச்சைமுத்து அண்ணன் கேட்டாரு. எழுதணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவகிட்ட இருந்து கடுதாசி வந்துச்சு, அம்மா கனவுல வந்துச்சு, உடம்பு நல்லா இருக்கான்னு. அதுக்கு என்னன்னு பதில் எழுதறது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ரெண்டு. மொத்தம் நாலு. நான் எழுதல. அப்புறம் அங்க கலவரம் வந்துச்சு, வீடெல்லாம் எரிச்சாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. கடுதாசி நின்னு போச்சு. நான் எழுதாட்டி என்ன தாயி, அவ எழுதக் கூடாதா? நாலு எழுதத் தெரிஞ்சவளுக்கு அஞ்சாவது எழுதக் கை வரலையா? அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அப்படியே நாப்பது வருசம் ஓடிப்போச்சு.

பக்கத்து வீட்டுல கமலவேணின்னு ஒரு அம்மா. மேட்டுப்பாளையத்துக்காரங்க, அங்கன்வாடியில வேலை பாத்து ரிடையர் ஆனவங்க. வீட்டுக்காரர் இல்ல, பிள்ளையும் இல்ல. வாய் நிறையப் பேசுவாங்க. அவங்கதான் அந்த நோட்டீசக் கொண்டாந்தாங்க. ராமாயணத் தலங்கள், ஆறு நாள், கோயமுத்தூர்ல இருந்து ஆள் கூட்டிக்கிட்டுப் போய் ஆள் கூட்டிக்கிட்டு வருவாங்க. கூடவே சமையல்காரர் வர்றாரு, தயிர்சாதம் கிடைக்கும். "நீங்க பொறந்த ஊராச்சேக்கா, வாங்க போலாம்"னாங்க. நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன். என் மகன் திருப்பூர்ல இருக்கான், அவன்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவன் போன் போட்டு, பேர் குடுத்தாச்சும்மா, போயிட்டு வான்னான். வேணாம்டான்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும்.

டூர் நடத்துறவரு ஞானசேகரன்னு பேரு. வெள்ளச் சட்டை, நல்ல மனுசன். எங்களையெல்லாம் ஒரு மண்டபத்துல உக்கார வச்சு ஒவ்வொரு நாளும் எங்க எங்கன்னு படிச்சாரு. மூணாம் நாள் நுவரெலியா பக்கத்துல சீதை கோயில். நான் எந்திரிச்சு, அட்டன் போகுமான்னு கேட்டேன். போகாதும்மா, நம்ம வழி வேறன்னாரு. ஒரு அரை நாள் நான் மட்டும் தனியாப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டேன். சங்கடப்பட்டுக்கிட்டே சொன்னாரு, "கூட்டமாப் போய்க் கூட்டமா வரணும்மா, ஒருத்தரை விட்டா எல்லாரும் கேப்பாங்க." அந்தக் கோயில்ல எவ்வளவு நேரம் நிக்கும்னு கேட்டேன். சாமி கும்பிட்டு டீ குடிக்க நாப்பது நிமிஷம்னாரு.

அந்த நாப்பது நிமிஷத்தப் பிடிச்சுக்கிட்டாரு பிச்சைமுத்து அண்ணன். அவருக்கு இன்னும் அங்க சொந்தம் உண்டு. நான் கேக்கவே இல்ல, அவரா விசாரிச்சிட்டாரு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "உங்கக்கா உசிரோட இருக்கு ராக்கு"ன்னாரு. அதே தோட்டம். அத்தான் இல்ல. மகன் லோகநாதன்னு ஒருத்தன், அவன் கூடத்தான் இருக்கு. கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு, பக்கத்துல வந்தா நெழலாட்டம் தெரியுமாம். நீ சீதை கோயிலுக்கு வர்றேன்னு சொன்னதும் ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கிறேன்னுச்சாம்.

நான் உள்ள போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அண்ணன் குடிச்சிட்டுச் செம்பக் கீழ வச்சாரு. அப்புறம் சொன்னாரு, "தங்கச்சிகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணுமாம். அம்மா சாகுறப்ப என்னைக் கேட்டுச்சான்னு."

அம்மா செத்ததே அவளுக்கு ரெண்டு வருசம் கழிச்சு யாரோ சொல்லித்தான் தெரியுமாம். அதையும் அண்ணன் சொன்னாரு. என்னைப் பாத்துச் சொல்லல, வேலியப் பாத்துச் சொன்னாரு.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நீங்களே சொல்லுங்க தாயி, நான் என்ன சொல்றது? கேக்கலன்னு சொன்னா, அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் கரைக்கிறது? கேட்டுச்சுன்னு சொன்னா, ஏன் எனக்கு எழுதலன்னு அடுத்தது கேப்பா. கேக்காம இருப்பாளா? கேக்காட்டியும் அந்தக் கண்ணு தெரியாத முகத்த வச்சுக்கிட்டு என்னையே பாத்திட்டு நிப்பா. நாப்பது வருசக் கதைய நாப்பது நிமிஷத்துல எப்படிச் சொல்லி முடிக்கிறது. முடிக்கிறதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிப்பான். ஏறிடுவேன். அவ மறுபடி கூட ஓடி வருவா. எழுவது வயசுல.

போறதா வேணாமான்னு ஒரு மாசம். துணிய எடுத்து வைப்பேன், எடுத்துக் கொடியில போடுவேன். கமலவேணி வந்து பாத்திட்டு, "என்னக்கா, மழைக்குக் காயப் போடுறீங்களா"ன்னு சிரிப்பாங்க. மகன் போன் போட்டா முழங்கால் வலிக்குதும்பேன். மாத்திரை போடுன்னுவான். மாத்திரை போட்டா வலி போயிடுது, அதுவும் தொந்தரவாப் போச்சு. பூக்கட்டிப் பாக்கலாம்னு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளப் பூ வந்துச்சு, போன்னு. மறுபடி கட்டிப் பாக்கச் சொன்னேன். பூசாரி, "அம்மா, சாமி ஒருக்காதான் சொல்லும்"னாரு.

கிளம்புறதுக்கு மொத நாள் காலையில எந்திரிக்கறப்பத் தலை சுத்துச்சு. நெசமாவே சுத்துச்சு தாயி, நான் சாக்குச் சொல்லல. போய்க் கமலவேணிகிட்ட, நான் வரல, நீங்க போயிட்டு வாங்கன்னேன். அவங்க முகம் செத்துப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாமான்னாங்க. வேணாம்னேன். ஒரு பையக் குடுத்தேன். அதுல ஒரு கம்பளியும் ஒரு சேலையும். அந்தக் கோயில் வாசல்ல அங்கம்மான்னு வயசான ஒரு பொம்பள நிக்கும், இதை அதுகிட்டக் குடுத்திடுங்கன்னேன். யாருக்கா அதுன்னாங்க. அக்கான்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

பிச்சைமுத்து அண்ணன்கிட்டச் சொல்லி, நான் வரலன்னு அங்க ஒரு தகவல் சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாந்தான். எனக்குத்தான் தலை சுத்திட்டு இருந்துச்சே.

ஆறு நாள் கழிச்சுக் கமலவேணி வந்தாங்க. பெட்டியக் கூட வீட்டுல வைக்கல. நேரா என் வீட்டுக்கு வந்து, கீழ உக்காந்து, என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் பயந்தே போயிட்டேன். அக்காவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்.

அக்கா காலையில ஏழு மணிக்கே வந்து நின்னிருக்கா. இவங்க பஸ் போய்ச் சேந்தது பதினொண்ணரைக்கு. வர்ற பஸ்சுல இறங்குற வயசான பொம்பளைங்க எல்லார்கிட்டயும் போயி, கோத்தகிரியா, கோத்தகிரியான்னு கேட்டிருக்கா. மகன் கைய விட்டிட்டுப் போயிப் போயிக் கேட்டிருக்கா. கமலவேணி பையத் தூக்கிக்கிட்டுப் போயி, "அங்கம்மா அக்காவா"ன்னு கேட்டாங்களாம். அவ்வளவுதான் கேட்டாங்க. அக்கா ரெண்டு கையாலயும் அவங்க முகத்தத் தடவி, "ராக்கு"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

கமலவேணி சொல்லப் பாத்திருக்காங்க. "அக்கா, நான் வந்து"ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குள்ள அவ கேட்டுட்டா. "அம்மா போறப்ப என்னைக் கேட்டுச்சாடி?"

கமலவேணிக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. எங்க அம்மாவ அவங்க போட்டோவுல கூடப் பாத்ததில்ல. ஆனா அவங்க சொல்லியிருக்காங்க, "கேட்டுச்சுக்கா. கடைசி வரைக்கும் உங்க பேரத்தான் சொல்லுச்சு. உங்களைப் பாக்காம உசிரு போக மாட்டேங்குதுன்னுச்சு."

அப்படியே சொல்லியிருக்காங்க தாயி. அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் ஒரு ஆள்கிட்டயும் சொல்லாத வார்த்தை. எங்க இருந்து வந்துச்சு அவங்க வாயில? சாகப்போற அம்மா வேற என்னத்தச் சொல்லப் போகுது, எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்லும்னு நினைச்சுச் சொன்னேன்கிறாங்க.

அக்கா கோயில் படியில உக்காந்து அழுதாளாம். அழுது முடிச்சிட்டு, "இது போதும்"னாளாம். ஏன் எழுதலன்னு கேக்கவே இல்ல. ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுல இருந்து ரொட்டியும் தேங்காச் சம்பலும் டப்பாவுல கொண்டாந்திருந்தாளாம். கமலவேணிக்கு ஊட்டி விட்டாளாம். ஹாரன் அடிச்சுட்டாங்க. ஞானசேகரன் இறங்கி வந்து பாத்திட்டு, இன்னும் பத்து நிமிஷம் குடுத்தாராம். போட்டோ காட்டுனாங்க போன்ல. அக்கா கமலவேணி தோள்ல சாஞ்சுக்கிட்டு இருக்கா. எங்க அம்மா முகந்தான் அப்படியே. வாயத் திறந்து சிரிச்சுக்கிட்டு இருக்கா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நான் கோவக்காரி இல்ல. ஆனா என் அக்கா தோள்ல சாய இவங்க யாரு? பையக் குடுத்திட்டு வாங்கன்னா, பையக் குடுத்திட்டு வர வேண்டியதுதானே? எங்க அம்மா பேச்சச் சொல்ல இவங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? ஒரு மாசம் அவங்ககூட நான் பேசல. குழம்பு கொண்டாந்தா வாங்கி வச்சிட்டுக் கதவச் சாத்திக்குவேன். அவங்க செஞ்சது தப்பா, தப்பு இல்லையா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

சொல்ல வேணாம், விடுங்க. எனக்கே தெரியல.

லோகநாதன் அன்னைக்கே கமலவேணி போன் நம்பர வாங்கிக்கிட்டான். சித்தி நம்பர்னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அக்கா போன் போடுது. கமலவேணி எடுக்காம விட்டுப் பாத்தாங்க. ஆறு தடவை, ஏழு தடவை அடிக்குது. பாவம்னு எடுத்துப் பேசிட்டு, மறுநாள் என் வாசல்ல வந்து நின்னு இன்னது பேசினோம்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் உள்ள இருந்தே கேட்டுக்குவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை போன் அடிக்க அடிக்க எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. "இன்னைக்கு நீங்கதான் பேசணும்கா, என்னால இந்தப் பொய்யச் சுமக்க முடியல"ன்னு என் கையில வச்சு அமுக்கிட்டாங்க. காதுல வச்சேன். அந்தப் பக்கம் கோழி கத்துற சத்தம் கேட்டுச்சு. "ராக்கு, ராக்கு"ன்னு கூப்பிடுது. அதே குரல்தான். கொஞ்சம் நடுக்கம், அவ்வளவுதான்.

"அக்கா"ன்னேன்.

"யாரு?"ன்னா.

"நான்தாங்கா, ராக்கம்மா"ன்னேன்.

அவ சிரிச்சா தாயி. மரியாதையாத்தான் சிரிச்சா. "யாரும்மா நீங்க? என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா? அவகிட்டக் குடுங்கம்மா"ன்னா.

நான் கமலவேணியப் பாத்தேன். அவங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. இல்லக்கா, நெசமாவே நான்தான்னு சொல்லியிருக்கலாம். அட்டன் டேசன்ல நீ ஓடி வந்தியேன்னு சொல்லியிருக்கலாம். மூணாவது காம்பரான்னு சொல்லியிருக்கலாம். அத்தனையும் வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, அந்தக் கோயில் படியில கேட்டது எல்லாம் யாரோ ஒருத்தி சொன்னதா ஆயிடும். போதும்னாளே, அந்தப் போதும் இல்லாமப் போயிடும். அப்புறம் நான் முதல்ல இருந்து சொல்லணும். எழுதுறேன்னு சொல்லி எழுதாதது வரைக்கும் சொல்லணும்.

"நான் பக்கத்து வீடும்மா, இருங்க குடுக்கிறேன்"னு சொல்லிக் குடுத்திட்டேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா நான் அங்க போயிடறேன். கமலவேணி பேசுவாங்க, ஸ்பீக்கர்ல போடுவாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அக்கா பழசு ஏதாச்சும் கேட்டா கமலவேணி என்னைப் பாப்பாங்க. நான் மெதுவா எடுத்துக் குடுப்பேன். அப்பா வளத்த நாய் பேரு, அம்மா போட்டிருந்த மூக்குத்திக் கல்லு. அவங்க அதைத் திருப்பிச் சொல்லுவாங்க. அக்கா, "உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கேடி"ன்னு சந்தோசப்படுவா.

போன வாரம் போன வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டா, அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எப்படி இருக்காங்க, அவங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இருக்காங்களான்னு.

கமலவேணி என்னைப் பாத்தாங்க. இருக்காங்கன்னு சொல்லுங்கன்னேன்.